இத்தாலியில் சாப்பிட உட்காரும் முன்: வாசகர் கேள்வி பதில்

இத்தாலி போகிறவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கொலோசியம், ரயில் டிக்கெட், விசா என்று வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றி. எனக்கு அதில் சந்தோஷம்தான். ரோமில் ஒன்பது வருஷம் குடியிருந்தவள் நான். சுத்த சைவமான என் அம்மாவை அந்த நாடு முழுக்க இரண்டு முறை கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். அருங்காட்சியகத்தில் ஓர் அறையைத் தவறவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் விவரம் தெரியாமல் ஒரு கடையில் போய் உட்கார்ந்தால் காசும் போகும், மனசும் கசந்துவிடும், அப்புறம் அந்த ஊரே பிடிக்காமல் போய்விடும். அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: போன வருஷம் வெனிஸில் நானும் மனைவியும் ஆளுக்கொரு பாஸ்தா சாப்பிட்டோம். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று, நாங்கள் கேட்கவே கேட்காத ஒன்றுக்கு 6 யூரோ போட்டிருந்தார்கள். சண்டை போட மொழி தெரியாமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். ஏமாற்றுதானே இது? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை ஐயா, ஏமாற்று இல்லை. மேசை விரிப்பு, நாப்கின், முள்கரண்டி, கத்தி, கூடையில் கொண்டுவந்து வைக்கும் ரொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான் கொபெர்த்தோ. சாதாரணக் கடைகளில் ஒன்றரையிலிருந்து 3 யூரோ வரை இருக்கும், வெனிஸ் மாதிரி கூட்டம் மொய்க்கும் ஊர்களில் அதற்கு மேலும் போகும். ரொட்டியைத் தொடவே இல்லை என்றாலும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொகை மெனு அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அட்டையில் இல்லாதது பில்லில் இருந்தால் அட்டையை எடுத்துக் காட்டிக் கேளுங்கள், மொழியே தேவையில்லை, விரலை வைத்தால் போதும்.

ரோம் இருக்கிற லாட்சியோ பிராந்தியத்தில் மட்டும் வேறு கதை. அங்கே 2006-ல் வந்த பிராந்தியச் சட்டம் கொபெர்த்தோ வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் ரோமில் பல கடைகளில் ‘பானே’, அதாவது ரொட்டி, என்று பில்லில் தனியாக எழுதியிருப்பார்கள். ரொட்டி வேண்டாம் என்றால் கூடை வந்த உடனேயே திருப்பி அனுப்பிவிடுங்கள், அந்தக் காசு மிச்சம்.

இதோடு ‘செர்வீத்சியோ’ என்று இன்னொன்றும் உண்டு, பரிமாறுவதற்கான கட்டணம், பில் தொகையில் 10 அல்லது 15 சதவீதம். சுற்றுலாக்காரர்கள் கூடும் இடங்களில்தான் அதிகம் பார்க்கலாம். அதைப் போட்டிருந்தால் டிப்ஸ் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. போடாவிட்டாலும் கட்டாயம் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, நன்றாகக் கவனித்தார்கள் என்றால் ஒன்றிரண்டு யூரோ வைத்துவிட்டு எழுவார்கள், அவ்வளவுதான்.

உங்கள் 6 யூரோவை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, மீன் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் வருஷம் ரோமுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், கடைப் பெயர் வேண்டாம், சர்வர் ஒரு முழு மீனைத் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டினார். வெள்ளி மாதிரி மின்னியது, கண் பளிச்சென்று இருந்தது, நான் தலையாட்டினேன். மெனுவில் 7 யூரோ என்று பார்த்த ஞாபகம். பில் வந்தபோது மீனுக்கு மட்டும் 77 யூரோ. அந்த 7 யூரோவுக்குப் பக்கத்தில் ‘அல் எத்தோ’ என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எத்தோ என்றால் 100 கிராம். மீன் 1 கிலோ 100 கிராம். சில மெனுக்களில் விலையே இருக்காது, ‘எஸ்.க்யூ.’ என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும், எடைக்குத் தகுந்த விலை என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் சமைக்கும் முன் “குவாந்தோ பேசா?” என்று கேளுங்கள், எடை எவ்வளவு என்பதற்கான கேள்வி, தராசில் வைத்துச் சொல்வார்கள். மீன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த மீன்.

கேள்வி: அக்கா, மாமனார் மாமியாரோடு ஜூனில் போகிறோம். வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ‘இத்தாலியில் எல்லாம் பாஸ்தா, பீட்சாதானே, சைவத்துக்குக் கஷ்டமே இல்லை’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். நம்பலாமா? (சேலம் வாசகி)

பதில்: பாதி நம்பலாம் தங்கச்சி. ஐரோப்பாவில் சைவக்காரர்கள் பட்டினி கிடக்காமல் ஊர் சுற்றக்கூடிய நாடு என்று கேட்டால் நான் இத்தாலியைத்தான் சொல்வேன். கத்தரிக்காய், பீன்ஸ், கொண்டைக்கடலை, கீரை, தக்காளி எல்லாவற்றையும் மரியாதையாகச் சமைக்கத் தெரிந்தவர்கள். ஆனால் சைவம் என்று பார்த்தாலே தெரிகிற பல தட்டுகளுக்குள் அசைவம் ஒளிந்திருக்கும், அதை அவர்கள் அசைவமாக நினைக்கவே மாட்டார்கள்.

முதலாவது, நெத்தலி மாதிரி ஒரு சின்ன மீனை உப்பில் ஊற வைத்து எல்லாவற்றிலும் போடுவார்கள், பெயர் ‘அச்சூகே’. ரோமில் பூசணிப்பூவை பஜ்ஜி மாதிரி பொரித்துக் கொடுப்பார்கள், பார்த்தாலே கை நீளும். உள்ளே மொத்சரெல்லா சீஸோடு இந்த மீன் ஒரு துண்டு இருக்கும். என் அம்மா முதல் வாயிலேயே நிறுத்திவிட்டார், அன்று முழுக்க வேறெதுவும் சாப்பிடவில்லை. பூலியா பக்கம் கீரையோடு கொடுக்கும் ஒரெக்கியெத்தே பாஸ்தாவிலும் இது கரைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. பீட்சாவில் பெயர்க் குழப்பம் வேறு: ரோமில் ‘நாப்போலி’ என்று கேட்டால் இந்த மீன் போட்ட பீட்சா வரும், அதே பீட்சாவுக்கு நேப்பிள்ஸில் பெயர் ‘ரொமானா’. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, பன்றிக் கொழுப்பு, ‘ஸ்த்ரூத்தோ’. ரொமாஞ்ஞா பகுதியில் நம் சப்பாத்தி மாதிரி ‘பியதீனா’ என்று சுட்டுக் கொடுப்பார்கள், மாவில் இதைச் சேர்ப்பதுதான் பழைய வழக்கம். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். சிசிலியின் கன்னோலி இனிப்பின் மேலோட்டிலும் இதே கொழுப்பு பழைய முறைப்படி உண்டு. அப்புறம் மிலானின் மஞ்சள் நிற ரிசோட்டோ, குங்குமப்பூ போட்ட சோறு. பழைய முறையில் அதில் மாட்டெலும்பின் மஜ்ஜை சேரும், இறைச்சி வேகவைத்த தண்ணீரில்தான் அரிசியே வேகும். காய்கறி சூப்புக்கும் அதே தண்ணீர் இருக்கலாம். ரோமின் சூப்ளி என்ற சோற்று உருண்டையிலும் பெரும்பாலும் கொத்துக்கறி.

மூன்றாவதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன், தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றே எழுதுகிறேன். பர்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ என்ற சீஸ்கள் இரண்டிலும் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்ப்பார்கள், பர்மிஜானோவுக்கு அதுவே விதி. பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. மொத்சரெல்லாவிலும் பல சமயம் இதே கதைதான். இத்தாலியச் சைவக்காரர்களில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் மாமியார் எடுத்துக்கொள்வார் என்றால் அவருக்குச் சீஸே இல்லாத உணவாகச் சொல்லிவிடுவது நல்லது.

முட்டை விஷயம் சுலபம். காய்ந்த பாஸ்தா, அதாவது ஸ்பகெட்டி, பென்னே வகை, கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். துரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ‘ஃப்ரெஸ்கா’ என்று எழுதியிருக்கும் புது பாஸ்தா, முக்கியமாக பொலோஞ்ஞா பக்கத்து தல்யத்தெல்லே, முட்டை போட்டுப் பிசைந்தது. ‘ஞோக்கி’ என்ற உருளைக்கிழங்கு உருண்டையிலும் பல இடத்தில் முட்டை உண்டு. திராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டை.

என்ன சொல்லிக் கேட்பது? ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரலாம், எனக்கு வந்திருக்கிறது. “சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே, சென்ட்சா உவோவா” என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்: கறி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். பன்றித் தொடை இறைச்சியைச் சிலர் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் “சென்ட்சா ப்ரொஷூத்தோ” என்பதையும் ஒட்டிக்கொள்ளுங்கள். சீஸும் வேண்டாதவருக்கு “வெகானோ” என்ற ஒரு சொல் போதும், இப்போது சின்ன ஊரில்கூடப் புரிகிறது.

இனி நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை. மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரெகானோ, ஆலிவ் எண்ணெய், வேறொன்றும் இல்லை, பெயரில்தான் கடல் வாசம், மீனும் கிடையாது சீஸும் கிடையாது. ஸ்பகெட்டி ‘ஆல்யோ ஓல்யோ’, பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் பொரித்துப் பிரட்டியது, என் அம்மாவுக்கு இதுதான் தினமும். டஸ்கனியில் பழைய ரொட்டியைத் தக்காளியோடு வேகவைத்த பாப்பா அல் பொமொதோரோ, சிசிலியில் புளிப்பும் இனிப்புமாகக் கத்தரிக்காய் கப்போனாத்தா, ஜெனோவா பக்கம் கடலைமாவில் சுடும் ஃபரினாத்தா. ஃபரினாத்தாவைச் சூடாக ஒரு துண்டு, மேலே மிளகு தூவி வாங்கிக் கொடுங்கள், மாமனார் இன்னொன்று கேட்பார்.

கேள்வி: காலையில் காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. இத்தாலியில் காபிக்குப் பல விதிகள் உண்டாமே, மதியத்துக்கு மேல் கப்புச்சினோ கேட்டால் கொடுக்க மாட்டார்களாமே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கொடுப்பார்கள் ஐயா, கொடுக்காமல் என்ன? அவர்கள் குடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அவ்வளவு பால் ஜீரணமாகாது என்பது அங்கே வீட்டுக்கு வீடு நம்பிக்கை. அதனால் கப்புச்சினோ காலை 11 மணி வரை, கொர்னெத்தோ என்ற இனிப்பு ரொட்டியோடு. அதுதான் அவர்களுடைய காலைச் சாப்பாடே. இட்லி, பொங்கல் கனத்துக்கு எதையும் காலையில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு சொல்லை மட்டும் மனதில் மாற்றிக்கொள்ளுங்கள். இத்தாலியில் ‘பார்’ என்றால் நம் ஊர் டீக்கடை. காபி, பால், ரொட்டி, பன், எல்லாம் அங்கேதான். குழந்தைகளும் பாட்டிகளும் வருவார்கள். பெயரைப் பார்த்துத் தயங்கி வெளியே நின்ற நம் ஊர்க் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

ரயில் நிலையங்களிலும் கூட்டம் அதிகமான பார்களிலும் முதலில் ‘காஸ்ஸா’வில் காசு கட்டி ரசீது வாங்க வேண்டும், அந்த ரசீதைக் கொண்டுபோய்க் கல்மேடையில் வைத்தால் காபி வரும். நம் ஊரில் டோக்கன் வாங்குவது மாதிரிதான். நின்றபடியே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. நின்று குடிக்கும் எஸ்பிரெஸ்ஸோ ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். அதே காபி பெரிய சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மூன்று மடங்கு, நாலு மடங்கு. வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தால் இசைக்கென்று தலைக்கு ஒரு தொகை தனியாகச் சேரும். அந்த மாலை வெளிச்சத்தில், அந்த இசையில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு அது தகும் என்பது என் கருத்து, ஆனால் தெரிந்தே உட்கார வேண்டும்.

“கஃபே” என்று மட்டும் கேட்டால் எஸ்பிரெஸ்ஸோ, இரண்டு மடக்கு. “லாத்தே” என்று கேட்டால் ஒரு டம்ளர் வெறும் பால். பால் தூக்கலாக வேண்டுமானால் “கஃபே லாத்தே”. நம் ஃபில்டர் காபி மாதிரி ஆவி பறக்க வராது, இதமான சூட்டில்தான் கொடுப்பார்கள். “பென் கால்தோ” என்று சேர்த்துச் சொல்லுங்கள், நல்ல சூடாக வரும். “கொர்ரெத்தோ” என்று இருந்தால் அதில் மது கலந்திருக்கிறது என்று அர்த்தம். டீ கேட்டால் வெந்நீரும் ஒரு பொட்டலமும் எலுமிச்சைத் துண்டும். பால் தனியாகக் கேட்க வேண்டும்.

காபிப் பிரியர் என்பதால் இதையும் சொல்கிறேன். நேப்பிள்ஸில் ஒரு பாரில் நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர், பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும், இரண்டு காபிக்குக் காசு கட்டி ஒன்றைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொன்றை எடுக்க மறந்துவிட்டாரோ என்று நான் சொல்லப்போக, கடைக்காரர் “சொஸ்பேசோ” என்றார். கையில் காசில்லாமல் யாராவது வந்து கேட்டால் கொடுப்பதற்காக முன்கூட்டியே வாங்கி வைத்த காபி அது. அந்த ஊரில் வெகு காலமாக இருக்கும் வழக்கம். வாங்கியவர் குடிப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் போனால் ஒன்று வாங்கி வைத்துவிட்டு வாருங்கள் ஐயா.

கேள்வி: ஃப்ளோரன்ஸில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நல்ல பசி. போன ஹோட்டலெல்லாம் பூட்டியிருந்தது. ஏன்? (திருநெல்வேலி வாசகி)

பதில்: அடுப்பு அணைத்திருக்கும் நேரம் அது. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, ராத்திரி ஏழரையிலிருந்து பத்து, பத்தரை வரை, இதுதான் கணக்கு. தெற்கே போகப் போக இன்னும் தாமதமாகும், சிசிலியில் ஒன்பது மணிக்குத்தான் ஜனம் வரும். நடுவில் பசித்தால் பார்களில் முக்கோணச் சாண்ட்விச், இல்லையென்றால் ‘பீட்சா அல் தால்யோ’ கடை. பெரிய தட்டில் நீள்சதுரமாகச் சுட்ட பீட்சாவைக் கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டுத் தருவார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையாலேயே காட்டலாம். ஐந்து மணிக்கே முழுச் சாப்பாடு போடுகிற, வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிற, படங்கள் ஒட்டிய மெனு வைத்திருக்கிற கடைகள் பெரிய சர்ச்சுகளைச் சுற்றி இருக்கும். நான் அங்கே உட்கார மாட்டேன், நீங்களும் உட்கார வேண்டாம். அடுத்த தெருவுக்குப் போங்கள்.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடுவார்கள், பல இடத்தில் திங்கள். ஆகஸ்ட் 15 வாக்கில் குடும்பம் நடத்தும் நல்ல கடைகள் பல, இரண்டு மூன்று வாரம் பூட்டியே கிடக்கும்.

இன்னொன்று, ஃப்ளோரன்ஸ் என்பதால். பன்னை வாங்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுவதை 2018-ல் சில தெருக்களில், கூட்ட நேரங்களில் தடை செய்து 500 யூரோ வரை அபராதம் என்று உத்தரவு போட்டார்கள். ரோமில் ஸ்பானியப் படிகளில் உட்காருவதற்கே 2019-லிருந்து தடை. கையில் பொட்டலத்தோடு உட்காரும் முன் சுற்றிப் பாருங்கள், பூங்கா பெஞ்ச் என்றால் பிரச்சினை இல்லை.

கேள்வி: மெனுவில் அன்த்திபாஸ்தோ, ப்ரீமோ, செகோந்தோ, கொந்தோர்னோ, தோல்சே என்று ஐந்து பிரிவு. எல்லாவற்றிலும் ஒன்று வாங்கியே ஆக வேண்டுமா? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: வேண்டாம், அவர்களே தினமும் அப்படிச் சாப்பிடுவதில்லை. அன்த்திபாஸ்தோ தொடக்கத்துக்குக் கொறிக்க. ப்ரீமோ என்பது பாஸ்தா, ரிசோட்டோ, சூப். செகோந்தோ கறி அல்லது மீன், அது தனியாகத்தான் வரும், கூடக் காய் வேண்டுமென்றால் கொந்தோர்னோவில் சொல்ல வேண்டும். தோல்சே இனிப்பு. ஒரு ப்ரீமோ, ஒரு கொந்தோர்னோ, இது போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சைவக்காரர்களுக்குக் கொந்தோர்னோ ஒரு வரப்பிரசாதம்: வதக்கிய கீரை, சுட்ட குடைமிளகாய், வெள்ளை பீன்ஸ். குடைமிளகாய்க்கு அங்கே பெயர் ‘பெப்பெரோனி’, கறி என்று பயந்து ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் ஐந்து பேர் போய் இரண்டு பீட்சா வாங்கிப் பங்கு போடுவது அங்கே நன்றாக இருக்காது. ஒரு பீட்சா ஓர் ஆளுக்கு என்றுதான் சுடுகிறார்கள், வெட்டாமலேயே வரும். மேசைக்கு ஆளுக்கு ஒரு தட்டாவது சொல்லுங்கள், அன்த்திபாஸ்தோவையும் இனிப்பையும் தாராளமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். மீந்ததை வீட்டுக்கு எடுத்துப் போக ‘தா போர்த்தாரே வியா’ என்று கேட்டால் பெட்டியில் போட்டுத் தருவார்கள்.

கேள்வி: கையால் சாப்பிட்டால் தப்பா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பாஸ்தாவுக்கு முள்கரண்டி வேண்டும், சுருட்டிச் சாப்பிட இரண்டு நாளில் பழகிவிடும். ஸ்பகெட்டியைக் கத்தியால் நறுக்க வேண்டாம், சமைத்தவருக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பீட்சாவைக் கையால் மடித்துச் சாப்பிடலாம், நேப்பிள்ஸில் அப்படித்தான், அந்த ஊர்ப் பீட்சா சுடும் கலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததை அங்கே ஒவ்வொரு கடையிலும் பெருமையாகச் சொல்வார்கள். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிடுவதற்கு ‘ஸ்கார்பெத்தா’ என்று செல்லமாகப் பெயரே வைத்திருக்கிறார்கள், சின்னக் கடைகளில் அதைச் செய்தால் சமையல்காரருக்கு அதைவிடப் பாராட்டு வேறில்லை. மீன் பாஸ்தாவுக்கு மேல் சீஸ் தூவக் கேட்காதீர்கள், மீனின் ருசி போய்விடும் என்பார்கள். காரம் பத்தாவிட்டால் “பெப்பெரொன்சீனோ” என்று கேளுங்கள், மிளகாயோ மிளகாய் எண்ணெயோ வரும். வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாயைக் கடை மேசையில் பிரிக்க வேண்டாம், அறையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று வயசுப் பையன், புதுச் சாப்பாடு எதையும் வாயில் வைக்க மாட்டான். (ஈரோடு வாசகி)

பதில்: “பாஸ்தா இன் பியாங்கோ” என்று கேளுங்கள். வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ மட்டும் பிரட்டிய வெறும் பாஸ்தா. மெனுவில் இருக்காது, ஆனால் எந்தக் கடையிலும் செய்து தருவார்கள், அவர்கள் பிள்ளைகளும் வயிறு சரியில்லாதபோது அதைத்தான் சாப்பிடுகிறார்கள். “மெத்சா போர்த்சியோனே” என்றால் பாதி அளவு. பையன் அழுதால் சங்கடப்படாதீர்கள், சர்வர் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பைக் காட்டிவிட்டு வருவார், என் அண்ணன் மகளுக்கு அப்படி நடந்தது.

கேள்வி: தண்ணீருக்கும் காசா? (விருதுநகர் வாசகர்)

பதில்: கடையில் ஆம், பாட்டில்தான் வரும். “நத்துராலே” சாதாரணத் தண்ணீர், “ஃப்ரித்சாந்தே” சோடா மாதிரி நுரைப்பது. வெளியே ரோமில் காசே வேண்டாம். தெருவெங்கும் இரும்புக் குழாய்கள், வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் ‘நசோனே’ என்பார்கள், 1874-லிருந்து இருக்கின்றன, இன்று சுமார் 2,500. நல்ல குடிநீர், ராப்பகலாக ஓடும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனிந்து குடிக்கலாம். பாட்டில் ஒன்று கையில் இருந்தால் போதும்.

கேள்வி: பன்றி இறைச்சியும் மதுவும் படாமல் சாப்பிட என்ன வழி? (காயல்பட்டினம் வாசகர்)

பதில்: முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மயாலே, ப்ரொஷூத்தோ, பன்செத்தா, குவான்சாலே, ஸ்பெக், சலாமே, மொர்த்ததெல்லா, லார்தோ, எல்லாம் பன்றி. கார்பொனாரா, அமத்ரிச்சானா பாஸ்தாக்களில் அது உண்டு, பொலோஞ்ஞாவின் தொர்தெல்லீனிக்குள்ளும் உண்டு. ராகூ என்ற கறிக் குழம்பில் மாட்டோடு பன்றியும் கலக்கும். மாடு சாப்பிடாதவர்களும் குறித்துக்கொள்ளலாம்: மான்சோ மாடு, வித்தெல்லோ கன்று, பிரெசாவோலா உலர்ந்த மாட்டிறைச்சி.

மது விஷயத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும், ஏனென்றால் அது தெரியாது. சிப்பி, மீன், ரிசோட்டோ வதக்கும்போது வெள்ளை ஒயின் ஒரு கை ஊற்றுவது அங்கே கடுகு தாளிப்பது மாதிரிச் சாதாரணம். “சென்ட்சா வீனோ” என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இனிப்புகளில் பபா ரம்மில் ஊறியது, திராமிசுவில் பல இடத்தில் மர்சாலா என்ற ஒயின், கன்னோலி மேலோட்டிலும் அதே மர்சாலா. ஐஸ்கிரீம் கடையில் பழச் சுவைகள் எடுத்தால் கவலையில்லை. ரோமில் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பியாட்சா வித்தோரியோவைச் சுற்றி வங்காளதேசத்தவரும் மற்றத் தெற்காசியர்களும் நடத்தும் ஹலால் கடைகள் பல இருக்கின்றன. சிசிலிக்குப் போவீர்கள் என்றால் திராப்பனியில் மீன் குழம்போடு கொடுக்கும், கோதுமை ரவை மாதிரியான குஸ்குஸைத் தவறவிடாதீர்கள், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. குழம்பில் ஒயின் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாப்பிட்டு முடித்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பில் தரவே இல்லை. அலட்சியமா? (சென்னை வாசகர்)

பதில்: மரியாதை. கேட்காமல் பில்லை நீட்டினால் ‘எழுந்து போ’ என்று சொல்வதாக ஆகும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். ராத்திரி உட்கார்ந்தால் மேசை பெரும்பாலும் உங்களுடையதுதான். “இல் கோந்தோ, பெர் ஃபவோரே” என்றால் வந்துவிடும். கார்டு வாங்க மறுத்தால் 2022 ஜூன் கடைசியிலிருந்து அபராதம் உண்டு, அதனால் ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்பதற்கெல்லாம் உடனே தலையாட்ட வேண்டாம். உள்ளே நுழையும்போது ஒரு “போன் ஜோர்னோ”, இருட்டினால் “புவோனா சேரா”. இதைச் சொல்லாமல் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டு, கவனிக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பத்து நாள் பயணத்தில் நம் சாப்பாட்டு வாசனை எங்கேயாவது கிடைக்குமா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சிசிலியில் இருக்கிற பலெர்மோவுக்குப் போங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே கணிசமாக இருக்கின்றன. ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு பெல்லெக்ரீனோ மலை மேல் நம் ஆட்கள், கத்தோலிக்கர் மட்டுமில்லாமல் இந்துக்களும், வேண்டிக்கொண்டு ஏறிப் போவதைப் பார்க்கலாம். பல்லரோ சந்தையில் நடந்தால் காய்க் கூவலுக்கு நடுவே திடீரென்று தமிழ் காதில் விழும், கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அதே சந்தையில் பனெல்லே விற்பார்கள். கடலைமாவைத் தண்ணீரில் கரைத்துக் கிண்டிக் கெட்டியாக்கி, ஆறவைத்து, மெல்லிய துண்டாக வெட்டி எண்ணெயில் பொரித்து, எள் ஒட்டிய ரொட்டிக்குள் வைத்துத் தருவது. முட்டை இல்லை, சீஸ் இல்லை. பக்கத்துச் சட்டியில் மாட்டு மண்ணீரல் வெந்துகொண்டிருந்தால் அடுத்த தள்ளுவண்டிக்குப் போய்விடுங்கள், சில இடத்தில் இரண்டையும் ஒரே ஆள் விற்பார். என் அம்மா கையில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, “இது நம்ம பஜ்ஜி மாவுதானே, பெருங்காயம்தான் இல்லை” என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து, நின்றபடியே இரண்டு சாப்பிட்டார்.